போர்க்காலப் படத்தில் பயிற்சிக் காட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இளைஞன் படைமுகாமுக்குள் நுழைகிறான், வேறு ஆளாக வெளியே வருகிறான், போருக்குப் போகிறான். இந்தக் கதையை எழுதுகிறவர்களும் எடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. காலாட்படையை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்தவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பயிற்சிப் பகுதிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? படமே ரெண்டு மணி நேரம்தான்.

40 முதல் 50 நிமிடம் கொடுங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வைத்தால் 40, 50 பக்கம். 25 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் பயிற்சி வெறும் முன்கதையாகச் சுருங்கிவிடும். முகாமில் பார்த்த முகம் போரில் விழும்போது, அது யாருடைய முகம் என்றே பார்ப்பவருக்கு நினைவு வராது.

நிமிடக் கணக்கைவிட முக்கியமானது கதைக்குள் எத்தனை வாரம் ஓடுகிறது என்பது. பிரிட்டனில் 1942 ஜூலை முதல் தரைப்படைக்கு வந்த எல்லாருக்கும் முதல் 6 வாரம் பொதுவான அடிப்படைப் பயிற்சி. அதன் பிறகுதான் யார் காலாட்படை, யார் பீரங்கிப்படை என்று பிரித்தார்கள். அமெரிக்காவில் காலாட்படைக்கான மாற்று வீரர்களின் (இறந்தவர், காயமடைந்தவர் இடத்தை நிரப்பப் போகிறவர்கள்) பயிற்சி 13 வாரமாக இருந்து 1943இல் 17 வாரமானது. உங்கள் கதையில் எத்தனை வாரம் என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். தலைமுடியின் நீளம், பூட்ஸின் தேய்மானம், கழுத்தில் ஏறிய வெயில் எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஹீரோ மாறிட்டான்னு எப்படிக் காட்டுறது? ஜிம்முக்கு அனுப்பி உடம்பு ஏத்தினா போதாதா?

போதாது. உடம்பு ஏறியதைப் பார்ப்பவர் ஒரு ஷாட்டில் கவனித்துவிட்டு மறந்துவிடுவார். ஆள் மாறியிருக்கிறான் என்று நம்ப வைப்பது ஒரே ஒரு செயல்: அவன் எங்கே பார்க்கிறான் என்பது. தன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கத் தொடங்குகிறான். பயிற்சிக் கதை முழுவதும் இதுதான்.

இதை எடுக்க எளிய வழி, ஒரே செயலை மூன்று முறை காட்டுவது. பை சுமந்து நடக்கும் நீண்ட அணிவகுப்பை எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் அவன் கண் தன் பூட்ஸின் மேல் இருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்து நடக்கிறான், காலடி தானாக விழுகிறது. பத்தாவது வாரத்தில் பின்னால் ஒருவனின் காலடி தப்புவது காதில் விழுந்து, திரும்பிப் பார்க்காமலே வேகத்தைக் குறைக்கிறான். மூன்று முறையும் அதே பாதை, அதே லென்ஸ், அதே கேமரா உயரம். மூன்றாவது முறை கிரேன் ஷாட்டும் பெரிய இசையும் வைத்தால், மாறியது மனிதனா படமாக்கும் விதமா என்று தெரியாமல் போய்விடும்.

அதெல்லாம் ஒரு மான்டேஜ் போட்டு மூணு நிமிஷத்துல முடிச்சிடலாமே?

மான்டேஜ், அதாவது சின்னச் சின்னக் காட்சிகளை வேகமாகக் கோத்த தொகுப்பு, காலம் ஓடியதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கயிறு ஏறினான், சேற்றில் தவழ்ந்தான், சுட்டான் என்று பதினைந்து விதமான வேலைகளைக் கோத்தால் எதிலும் முன்னேற்றம் தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு முறைதானே வருகிறது? மான்டேஜ் வேண்டும் என்றால் மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று முறை காட்டுங்கள். இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம்.

ஆள் மாறுகிற அந்தத் திருப்பத்தை மட்டும் மான்டேஜுக்குள் புதைக்கவே கூடாது. அதற்கு முழுக் காட்சி, உண்மையான ஒலி, உண்மையான நேரம் வேண்டும்.

முகாமில் எத்தனை பேருக்குப் பெயர், கதை எல்லாம் கொடுக்கணும்?

ஐந்து அல்லது ஆறு பேருக்கு. ஒரு செக்‌ஷனில் எட்டு முதல் பத்துப் பேர், மூன்று செக்‌ஷன் சேர்ந்து ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூன் என்பது பல படைகளின் பொது அமைப்பு. கதை ஒரு செக்‌ஷனுக்குள் நடக்கட்டும். மற்ற இரண்டும் பின்னணியில் ஓடட்டும். ஒரே உடை, ஒரே முடிவெட்டு என்பதால் முகங்கள் குழம்பும். அதனால் உயரம், நடை, குரல் மூன்றிலும் வேறுபட்டவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஹெல்மெட் போட்ட பிறகு, தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவது நடைதான்.

பயிற்சி கொடுக்கிற சார்ஜென்ட் எப்பவும் கத்திக்கிட்டேதானே இருப்பார்?

மைதானத்தில் கத்துவார். முப்பது பேருக்குக் கேட்க வேண்டும், அது அவர் வேலையின் கருவி. ஆனால் ஆயுதம் பிரிக்கக் கற்றுக்கொடுக்கும்போதும், காலில் கொப்புளம் பார்க்கும்போதும் அவர் குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே உச்சத்தில் கத்தும் சார்ஜென்ட் பத்தாவது நிமிடத்தில் பின்னணி இரைச்சலாகிவிடுவார்.

நல்ல பயிற்சியாளரின் கோபத்துக்கு எப்போதும் ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கும். தண்ணீர்க் குடுவை பாதி காலி, துப்பாக்கிக் குழலில் மணல், பட்டை முறுக்கிக் கிடக்கிறது. அந்தத் தவறு போர்க்களத்தில் யாரைக் கொல்லும் என்பது அவருக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. வசனத்தில் அதை விளக்காமல், பிற்பாதியில் அதே தவறு என்ன செய்கிறது என்று காட்டிவிடுங்கள். வெறும் அவமானத்துக்காகத் திட்டும் சார்ஜென்ட் வேண்டுமென்றால் வையுங்கள், அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அவரால் யாரும் வளர்ந்ததாகக் கதை சொல்லாதீர்கள்.

டிரில் காட்சி எடுத்தா ஸ்கூல் பரேடு மாதிரி இருக்கு. எங்க தப்பு நடக்குது?

முதலில் வேகம். பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளின் வழக்கமான விரைவு நடை நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடி 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. மணிக்கு ஏறக்குறைய ஐந்தரை கி.மீ. வேகம் அது. பழகாதவர்கள் 100இல் நடந்துவிட்டு வேகமாக நடப்பதாக நினைப்பார்கள். மெட்ரோனோமை (சீரான தாளம் தட்டும் கருவி) 120இல் வைத்துப் பழக்குங்கள். எடிட்டிங்கிலும் இந்த எண் கைகொடுக்கும்: நொடிக்கு 24 ஃபிரேமில் ஒவ்வோர் அடிக்கும் சரியாக 12 ஃபிரேம். ஓட்ட நடை நிமிடத்துக்கு 180 என்றால் அடிக்கு 8 ஃபிரேம். வெட்டும் இடமும் காலடி ஒலியும் இந்தக் கணக்கில் உட்கார்ந்தால் கண்ணுக்கு உறுத்தாது.

இரண்டாவது, கை. பதற்றத்தில் வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உண்மையிலேயே நடக்கும் தவறு இது. முதல் வாரக் காட்சியில் ஒருவனுக்கு இதை வேண்டுமென்றே வையுங்கள், அழகாக இருக்கும். பத்தாவது வாரத்தில் துணை நடிகர் ஒருவர் செய்தால் காட்சியே கெட்டுவிடும். திருத்தும் வழி எளிது: அவரை நிறுத்தி, நினைக்காமல் சாதாரணமாக நடக்கச் சொல்லி, நடந்துகொண்டிருக்கும்போதே அணியில் சேருங்கள்.

மூன்றாவது, கட்டளை. பெரும்பாலான கட்டளைகளுக்கு இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி நீட்டிச் சொல்வது, என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தெரிவிக்கும். இரண்டாவது வெட்டிச் சொல்வது, அந்தச் சொல்லில்தான் உடம்பு அசைய வேண்டும். நடிகர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அணி சிதறும். நீண்ட அணியில் இன்னொரு சிக்கலும் வரும்: ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும் என்பதால் 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கட்டளை கால் நொடிக்கு மேல் தாமதமாகக் கேட்கும். ஒலிபெருக்கிகளை நடுவிலும் கடைசியிலும் வைத்து ஒத்திகை பாருங்கள், இல்லையென்றால் அணியைச் சிறியதாக்குங்கள்.

சல்யூட்டும் அப்படித்தான். எந்த நாட்டுப் படை, எந்தக் காலம் என்று பார்த்துச் செய்யுங்கள். பிரிட்டிஷ் தரைப்படையில் உள்ளங்கை முன்பக்கம் தெரியும், அமெரிக்கப் படையில் தெரியாது. பிரிட்டிஷ் மரபில் தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது.

ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்களை எத்தனை நாள் பழக்கணும்?

குறைந்தது மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், படத்தில் போடப்போகிற அதே பூட்ஸுடன். செருப்பில் பழகியவர் பூட்ஸில் வேறு மாதிரி நடப்பார். பழகாத கட்டத்திலேயே முதல் வாரக் காட்சிகளை எடுத்துவிடுங்கள். தடுமாற்றத்தை நடிக்கச் சொல்ல வேண்டியிருக்காது.

பையும் துப்பாக்கியும் கனமா இருக்கிற மாதிரி நடிச்சா போதும்தானே?

கனத்தை நடிப்பது மிகக் கடினம். காலாட்படை வீரன் 25, 30 கிலோ சுமந்து நடப்பது சாதாரணம். நடிகர்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் காகிதம் திணித்த பையும் வேண்டாம். 7 முதல் 10 கிலோ வையுங்கள். தோள்பட்டை துணியை அழுத்த வேண்டும், உட்காரும்போது பை உடம்பைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கனமான பொருள் முதுகை ஒட்டி, பையின் மேல்பாதியில் இருக்கட்டும். அடியில் போட்டால் இடுப்பு வலித்து அன்றைய படப்பிடிப்பே நின்றுவிடும்.

ரைஃபிளிலும் இதே கதை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரைஃபிளான லீ என்ஃபீல்டு ஏறக்குறைய 4 கிலோ, அமெரிக்க ரைஃபிளான எம்1 கராண்டு அதைவிடச் சற்று அதிகம். ரப்பர் டம்மி பெரும்பாலும் இதைவிட இலேசு என்பதால் தோளில் துள்ளும், பட்டை தளர்ந்து ஆடும். ஓட்டம், விழுதல் காட்சிகளுக்கு மட்டும் ரப்பர். அணிவகுப்புக்கும் நெருக்கக் காட்சிக்கும் உண்மை எடையுள்ள, சுட முடியாத மாதிரித் துப்பாக்கி.

முதல் உலகப் போர்க் கதை என்றால் காலில் சுற்றும் துணிப்பட்டையைக் கவனியுங்கள். காலாட்படை கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றும், குதிரைப்படை முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கீழ்நோக்கிச் சுற்றும். தளர்வாகச் சுற்றினால் நூறடி நடப்பதற்குள் அவிழும். இறுக்கிச் சுற்றினால் கால் மரத்துப்போகும்.

முடி வெட்டுற காட்சியை எப்போ எடுக்கிறது? ஷெட்யூல் எல்லாம் குழம்புது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் வீட்டுக் காட்சிகள் எல்லாம் முதலில், பிறகு முடிவெட்டும் காட்சி ஒரே டேக்கில், மூன்று கேமரா வைத்து. அன்று மாலையே முகாமின் முதல் நாள். போரிலிருந்து திரும்பிய பிறகு வீட்டுக் காட்சி இருந்தால் அதைக் கடைசி ஷெட்யூலுக்குத் தள்ளுங்கள். விக் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், வியர்வையும் ஹெல்மெட் பட்டையும் அதை என்ன செய்யும் என்று ஒருநாள் வெயிலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேக்கப் குழுவுக்கு வாரவாரியாக ஒரு பட்டியல் கொடுங்கள். கொப்புளம், உதட்டு வெடிப்பு, முழங்கைச் சிராய்ப்பு எந்த வாரம் வருகிறது, எந்த வாரம் ஆறுகிறது என்று அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் எடுத்தால் ஆறிய காயம் மறுபடி பச்சையாகும்.

சுடப் பழகுற காட்சியில் புதுசா என்ன காட்ட முடியும்? எல்லாப் படத்திலும் நடுப்புள்ளியில்தான் சுடுறாங்க.

நடுப்புள்ளியை விடுங்கள். சுடப் பழகும்போது முதலில் பார்ப்பது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதைத்தான். ஐந்து துளையும் ஓரமாக விழுந்தாலும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் கை நிலையாக இருக்கிறது, குறிக்கருவியைத் திருத்தினால் போதும். ஒரு துளை நடுவில், நான்கு சிதறிக் கிடந்தால் அது அதிர்ஷ்டம். நடுவில் பட்டதற்குத் துள்ளிக் குதிக்கும் பையனைப் பார்த்துப் பயிற்சியாளர் தலையை அசைக்காமல் போவதும், ஓரத்தில் ஒட்டி விழுந்த ஐந்தைப் பார்த்து நின்றுவிடுவதும் ஒரு முழுக் காட்சி.

இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. துப்பாக்கி அதிரப்போகிறது என்ற பயத்தில் புதியவர்கள் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக் குழலைக் கீழே தள்ளுவார்கள். இதைக் கண்டுபிடிக்க, பயிற்சியாளர் அவனுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தே இல்லாத ஒரு டம்மித் தோட்டாவைச் சேர்த்துவிடுவார். வெடிக்க வேண்டிய இடத்தில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும்; குழல் மட்டும் தானாகக் கீழே குனியும். பயத்தை மறைக்கவே முடியாது, எல்லாரும் பார்த்துவிடுவார்கள். வாரங்கள் கழித்து அதே ‘டிக்’, குழல் அசையவில்லை. இரண்டாவது பதிலில் சொன்ன ஒரே செயலைத் திரும்பக் காட்டும் முறைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. இந்த இரண்டு ஷாட்டுக்கும் வெடிமருந்தே தேவையில்லை.

பிளாங்க்தானே, குண்டே இல்லையே, அதுல என்ன ஆபத்து?

உயிர் போகும். பிளாங்க் தோட்டாவில் குண்டு இல்லை, ஆனால் வெடிமருந்தும் அடைப்பும் இருக்கிறது. சூடான வாயு குழல் வாயிலிருந்து பெரும் விசையோடு வெளியேறும். 1984இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் பிளாங்க் போட்ட துப்பாக்கியைத் தன் தலையில் வைத்து விசையை இழுத்து இறந்தார். 1993இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது இன்னொரு விதம்: சரியாகச் செய்யப்படாத டம்மித் தோட்டாவின் குண்டு குழலுக்குள் சிக்கியிருந்தது, பிறகு போட்ட பிளாங்க் அதை வெளியே தள்ளியது.

ஆகவே, தகுதியுள்ள ஆயுதப் பொறுப்பாளர் ஒருவர்தான் ஆயுதத்தைக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் துப்பாக்கியின் தோட்டா அறையையும் குழலையும் திறந்து நடிகருக்குக் காட்ட வேண்டும். நிஜத் தோட்டா படப்பிடிப்புத் தளத்துக்குள் வரவே கூடாது. யாரையும் நேராகக் குறிபார்க்காமல், கேமராக் கோணத்தால் நேராகத் தெரிய வைக்க வேண்டும். பிளாங்க் சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டக்கூடியது, கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் காதடைப்பு வேண்டும். எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதை இயக்குநர் முடிவு செய்யக் கூடாது. அது ஆயுதத்தையும் மருந்தின் அளவையும் பொறுத்தது, பொறுப்பாளர் சொல்வதுதான் எல்லை. எளிய வழி வேண்டுமென்றால், சுட முடியாத மாதிரித் துப்பாக்கியை வைத்து எடுத்துவிட்டுத் தீப்பொறியையும் ஒலியையும் பிறகு சேருங்கள். நாங்கள் அதைத்தான் பரிந்துரைப்போம்.

பயிற்சியிலேயே ஒருத்தன் சாகிற மாதிரி வைக்கலாமா? நம்புவாங்களா?

நம்புவார்கள், நடந்ததுதான். 1944 ஏப்ரல் 28 அன்று இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கடற்கரையில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கான ஒத்திகையின்போது, ஜெர்மன் வேகப்படகுகள் தாக்கியதில் நூற்றுக்கணக்கான அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஆனால் ஹீரோவைக் கோபப்படுத்துவதற்காக மட்டும் ஒருவனைக் கொல்லாதீர்கள். மறுநாள் காலை அந்தக் கட்டிலை யார் மடிக்கிறார்கள், அவன் பொருள்களை யார் பட்டியல் போடுகிறார்கள், கடிதத்தை யார் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் வர வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் அந்தச் சாவுக்கும் இடமில்லை.

நாட்டுப்பற்று வசனம் எத்தனை இடத்துல வைக்கலாம்? பிரசாரம்னு சொல்லிடுவாங்களோ?

அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகம் 1942இல் ஹாலிவுட்டுக்கு ஒரு கையேடு கொடுத்தது. படம் எடுப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் முதலாவது, இந்தப் படம் போரை வெல்ல உதவுமா என்பது. போர் நடந்துகொண்டிருந்தது, அதனால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. இன்று நீங்கள் அந்தப் போரைப் படமாக்கும்போது பார்ப்பவரைப் படையில் சேர்க்க வேண்டியதில்லை. அந்த மனிதன் ஏன் சேர்ந்தான் என்று புரியவைத்தால் போதும்.

நீளமான பேச்சு படம் முழுக்க ஒன்று இருக்கட்டும், அதுவும் ஹீரோ வாயில் வேண்டாம். மற்ற இடங்களில் நாடு என்ற சொல்லுக்குப் பதில் அவன் விட்டுவந்த குறிப்பிட்ட ஒன்றைப் பேச வையுங்கள்: பாதி கட்டிய சுவர், தம்பியின் பள்ளிக் கட்டணம். எதிரியைக் கோமாளியாகக் காட்டாதீர்கள். கோமாளியை வெல்ல 17 வாரப் பயிற்சி எதற்கு என்று பார்ப்பவர் கேட்பார், கேட்க வேண்டும்.

படைத்துறையிடம் உதவி கேட்டால் கதையை மாத்தச் சொல்வாங்களா?

பல நாடுகளில் திரைக்கதையைப் படித்துப் பார்த்துத்தான் இடம், வாகனம், ஆள் தருவார்கள், மாற்றமும் கேட்பார்கள். உடை, பதவிச் சின்னம், நடைமுறை பற்றிய திருத்தங்களை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பயம், தவறு, கட்டளைக்குக் கீழ்ப்படியாமை ஆகியவற்றை நீக்கச் சொன்னால் யோசியுங்கள், ஏனென்றால் வளர்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. எவை இல்லாமல் கதை நிற்காது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீருடையைப் பொதுவெளியில் அணிவதற்குப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. டேக்குகளுக்கு நடுவே மேலே ஒரு சட்டையைப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிஞ்சு போர் வந்ததும் படம் ரெண்டா உடைஞ்ச மாதிரி இருக்கு. என்ன பண்றது?

பயிற்சியில் கற்றது எதுவும் போரில் திரும்ப வரவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். இரண்டு விஷயத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். அவையும் அப்படியே வரக் கூடாது. மைதானத்தில் பகலில் கற்றதை இருட்டில், நனைந்த கையோடு, மூச்சிரைக்கச் செய்யட்டும். சார்ஜென்ட் இல்லாத இடத்தில் அவர் குரலைப் பின்னணியில் ஒலிக்கவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அவர் சொன்னதை இப்போது இவன் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்கிறான் என்றால் அதுவே தையல்.

கடைசியில் வெற்றி கிடைச்சே ஆகணுமா?

தேவையில்லை. கரோல் ரீட் இயக்கிய ‘தி வே அஹெட்’ என்ற பிரிட்டிஷ் படம் 1944இல் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முந்தைய ஆண்டு எடுத்த ‘தி நியூ லாட்’ என்ற பயிற்சிப் படம்தான் அதற்கு விதை. கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சாதாரண ஆட்கள் அணியாக மாறுவதுதான் கதை. கடைசியில் அவர்கள் புகைக்குள் முன்னேறிப் போகிறார்கள். முடிவு என்பதற்குப் பதில் தொடக்கம் என்று எழுத்து வருகிறது. சண்டையின் முடிவைச் சொல்லாமலே கதை நிறைவாகிறது, ஏனென்றால் அவர்கள் அணியானதுதான் கேட்கப்பட்ட கேள்வி. உங்கள் படம் கேட்ட கேள்வி அந்தக் குன்றைப் பிடித்தார்களா என்பதானால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முன்னாள் வீரர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாமா? எந்தக் கட்டத்துல?

இரண்டு முறை. முதலில் திரைக்கதை முடிந்ததும், உடை தைக்கக் கொடுப்பதற்கு முன்னால். பிறகு டப்பிங்குக்கு முன்பு, எடிட் செய்து இன்னும் ஒலி சேர்க்காத படத்தில். கட்டளைச் சொற்களை அப்போதும் மாற்ற முடியும். முழுப் படமும் முடிந்த பிறகு காட்டினால் அவர் சொல்லும் எதையும் திருத்த வழியிருக்காது.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார். இந்த ஆளுக்குப் பக்கத்துப் பதுங்குகுழியில் இருப்பீர்களா என்று ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டிக் கேளுங்கள். எந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்கிறாரோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் காலத்துப் பயிற்சி உங்கள் கதையின் காலத்திலிருந்து வேறுபட்டிருக்கலாம். பதவிச் சின்னம், ஆயுதம், கட்டளை மூன்றையும் அந்தக் காலத்துப் பயிற்சிக் கையேட்டோடும் புகைப்படங்களோடும் ஒப்பிட்ட பிறகே மாற்றுங்கள்.